லிங்க்கை அழுத்தியதும் "நிச்சயமாகவா?" என்று கேட்க வைப்பது: ஜாவாஸ்கிரிப்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நீக்கு", "கணக்கை மூடு", "எல்லாவற்றையும் அழி" போன்ற லிங்க்குகளை அழுத்தியவுடன் காரியம் நடந்துவிடாமல், ஒரு முறை கேட்டுவிட்டுச் செய்ய வைப்பது பற்றிய கேள்விகள் இவை. நிரல் சொற்களை உச்சரிப்புப்படி தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். எடிட்டரில் வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் "கேட்காமலேயே நீங்கிவிட்டது" என்று வரும் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மிக எளிய வழி எது?

லிங்க்கின் ஏ டேகிலேயே ஆன்கிளிக் என்ற பண்பைச் சேர்த்து, அதன் மதிப்பாக ரிட்டர்ன் கன்ஃபர்ம்('இந்தக் கோப்பை நீக்கலாமா?') என்று எழுதினால் போதும். கன்ஃபர்ம் என்பது நெட்ஸ்கேப் 2 என்ற பழைய பிரவுசரின் காலத்திலிருந்தே ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும் ஃபங்ஷன். அழைத்தவுடன் பிரவுசர் ஒரு சிறு பெட்டியைக் காட்டும். பயனர் பதில் சொல்லும்வரை அந்தப் பக்கத்தின் நிரல் அதே வரியில் நின்றுவிடும். ஓகே அழுத்தினால் அது தரும் பதில் ட்ரூ (ஆம்), கேன்சல் அழுத்தினால் ஃபால்ஸ் (இல்லை). எஸ்கேப் விசையும் கேன்சல் கணக்குத்தான்.

கேன்சல் அழுத்தினாலும் லிங்க் போய்விடுகிறதே?

பத்தில் ஒன்பது முறை, ரிட்டர்ன் என்ற சொல் விடுபட்டிருக்கும். ஆன்கிளிக்கில் வெறுமனே கன்ஃபர்ம்(...) என்று எழுதினால் பெட்டி வரும், பயனர் பதிலும் சொல்வார், அந்தப் பதிலை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. பண்பில் எழுதிய நிரல் ஃபால்ஸ் என்ற மதிப்பைத் திருப்பித் தந்தால்தான் பிரவுசர் லிங்க்கைத் தொடராமல் நிறுத்தும்.

இதன் இன்னொரு வடிவம் கொஞ்சம் ஒளிந்திருக்கும். கேள்வி கேட்பதைக் கேட்டுப்பார் என்று தனி ஃபங்ஷனாக எழுதி, அதற்குள் ரிட்டர்ன் கன்ஃபர்ம்(...) போட்டிருப்பீர்கள். ஆன்கிளிக்கிலோ கேட்டுப்பார்() என்று மட்டும் இருக்கும். ஃபங்ஷன் பதிலைத் தந்துவிட்டது, ஆன்கிளிக் அதை மேலே அனுப்பவில்லை. ரிட்டர்ன் கேட்டுப்பார்() என்று இருக்க வேண்டும். அதாவது ரிட்டர்ன் இரண்டு இடத்திலும் தேவை.

ஆட்ஈவென்ட்லிசனர் முறைக்கு மாற்றினேன். ரிட்டர்ன் ஃபால்ஸ் வேலை செய்யவில்லை. ஏன்?

ஆன்கிளிக் வழியாகக் கட்டிய ஃபங்ஷனுக்கு மட்டும் உள்ள சலுகை அது. ஆட்ஈவென்ட்லிசனர் என்பது, கிளிக் போன்ற ஒரு நிகழ்வு (ஈவென்ட்) வரும்போது ஓட வேண்டிய ஃபங்ஷனை (லிசனர்) டேகில் எழுதாமல் நிரலிலிருந்து கட்டும் முறை. ஆட்ஈவென்ட்லிசனரில் கொடுத்த ஃபங்ஷன் எதைத் திருப்பித் தந்தாலும் பிரவுசர் கண்டுகொள்ளாது. அங்கே, பிரவுசரின் வழக்கமான செயலைத் தடுக்கும் ஈவென்ட் பொருளின் பிரிவென்ட்டிஃபால்ட்() என்பதை நீங்களே அழைக்க வேண்டும்: கன்ஃபர்ம் ஃபால்ஸ் தந்தால் ஈவென்ட்.பிரிவென்ட்டிஃபால்ட்(), அவ்வளவுதான். ட்ரூ வந்தால் எதுவும் செய்ய வேண்டாம். லிங்க் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

குழப்பம் வர ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகமும் ஒரு காரணம். அங்கே ரிட்டர்ன் ஃபால்ஸ் போட்டால் பிரிவென்ட்டிஃபால்ட், ஸ்டாப்ப்ராபகேஷன் (ஈவென்ட் மேலே பரவாமல் நிறுத்துவது) இரண்டையும் சேர்த்துச் செய்துவிடும். அந்தப் பழக்கத்தில் வெற்று ஜாவாஸ்கிரிப்டுக்கோ ரியாக்ட் நூலகத்துக்கோ வருகிறவர்கள் இதில்தான் முதலில் இடறுவார்கள். ரியாக்டிலும் ரிட்டர்ன் ஃபால்ஸ் எடுபடாது.

பக்கத்தில் ஏகப்பட்ட லிங்க்குகள். ஒவ்வொன்றுக்கும் லிசனர் கட்ட வேண்டுமா?

வேண்டாம். கேள்வி கேட்க வேண்டிய லிங்க்குகளில் மட்டும் டேட்டா-கன்ஃபர்ம் என்ற பண்பில் கேள்வியை எழுதிவையுங்கள். டாக்குமென்டில் ஒரே ஒரு கிளிக் லிசனர் கட்டுங்கள். கிளிக் வந்ததும், அழுத்தப்பட்ட உறுப்பிலிருந்து (டார்கெட்) மேல்நோக்கி ஈவென்ட்.டார்கெட்.க்ளோசஸ்ட்('ஏ[டேட்டா-கன்ஃபர்ம்]') என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் திரும்பிவிடுங்கள், கிடைத்தால் அதன் டேட்டாசெட்டிலிருந்து கேள்வியை எடுத்துக் கேளுங்கள். பின்னால் நிரல் வழியாகச் சேர்க்கும் லிங்க்குகளுக்கும் இதுவே போதும்.

க்ளோசஸ்ட்டைத் தவிர்த்துவிட்டு டார்கெட் ஏ டேகா என்று நேரடியாகச் சோதிக்க வேண்டாம். லிங்க்குக்குள் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று இருந்து, பயனர் சரியாக அதன் மேல் அழுத்தினால் டார்கெட் அந்தப் படம்தான். எழுத்தின் மேல் அழுத்தினால் கேட்கிறது, படத்தின் மேல் அழுத்தினால் கேட்காமல் போகிறது என்று புகார் வந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இணையச் செயலிகள் கட்ட ரெயில்ஸ் என்ற கட்டமைப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே பல காலமாக டேட்டா-கன்ஃபர்ம் இருந்தது. ரெயில்ஸ் 7-இல் டர்போ என்ற நூலகம் வந்தபின் டேட்டா-டர்போ-கன்ஃபர்ம் என்று மாறியது. பதிப்பை உயர்த்திய கையோடு கேள்விகள் மாயமாகிவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

கேள்விக்குள் கோப்பின் பெயரைச் சேர்த்தேன். சில பெயர்களுக்கு மட்டும் உடைகிறது.

ஆன்கிளிக் பண்புக்குள் சர்வர் பெயரைச் செருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோ தன் கோப்புக்கு 'இறுதி' அறிக்கை என்று ஒற்றை மேற்கோளோடு பெயர் வைத்திருக்கிறார். கன்ஃபர்முக்குள் இருக்கும் சரம் (மேற்கோளுக்குள் எழுதிய எழுத்துத் தொடர்) அந்த முதல் மேற்கோளிலேயே முடிந்துவிடும். மீதி எழுத்துகள் இலக்கணப் பிழையாகி, மொத்த ஆன்கிளிக்கும் செத்துவிடும். கேள்வி வராது; லிங்க் நேரே போய் கோப்பை நீக்கிவிடும். கேட்பதற்காகச் சேர்த்த பெயரே கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

ஹெச்டிஎம்எல் எஸ்கேப் செய்தால் (மேற்கோள் போன்றவற்றைக் குறியீடாக மாற்றி எழுதினால்) தீருமா என்றால், தீராது. பிரவுசர் முதலில் பண்பின் மதிப்பிலுள்ள எஸ்கேப்புகளைப் பிரித்து மேற்கோளைத் திரும்பக் கொண்டுவரும். அதன் பிறகுதான் அதை ஜாவாஸ்கிரிப்டாகப் படிக்கும். ஆகவே மேற்கோள் போட்ட கோப்புப் பெயர் நிரலை உடைக்கும். விஷமத்தனமாக அமைத்த பெயர் அந்நிய நிரலையே ஓட்டிவிடும். டேட்டா-கன்ஃபர்ம் பண்பில் கேள்வி வெறும் எழுத்தாகவே இருப்பதால் வழக்கமான ஹெச்டிஎம்எல் எஸ்கேப் அங்கே போதுமானது. ஆன்கிளிக்கைக் கைவிட எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

என் கணினியில் கேட்கிறது. சர்வரில் ஏற்றினால் கேட்காமலே போகிறது.

பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து பாருங்கள். கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி என்ற தலைப்பில் சிவப்பு வரி இருந்தால் விடை கிடைத்துவிட்டது. பக்கத்தில் எந்த நிரல் ஓடலாம் என்று சர்வர் அனுப்பும் அந்த விதியில் ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சிக்கு அன்சேஃப்-இன்லைன் அனுமதி இல்லையென்றால், டேகுக்குள் எழுதிய ஆன்கிளிக் எதுவும் ஓடாது. லிங்க்கின் ஹெச்ரெஃப் (அது போக வேண்டிய முகவரி) மட்டும் வழக்கம்போல ஓடும். பாதுகாப்பைக் கூட்டுவதற்காகச் சேர்த்த விதி, நீக்கும் முன் கேட்பதை நிறுத்திவிடுவது வேடிக்கைதான். அதற்காக அன்சேஃப்-இன்லைனைத் திறந்துவிடாதீர்கள். நிரலைத் தனிக் கோப்புக்கு நகர்த்துங்கள்.

யாரும் ஓகே அழுத்தவில்லை, ஆனால் கேட்காமலேயே நீங்கிவிட்டது. எப்படி நடக்கும்?

நடக்கும், பல வழிகளில் நடக்கும். நீங்கள் காவல் வைத்திருப்பது கிளிக் என்ற ஈவென்டுக்கு. லிங்க்கின் முகவரியைத் திறக்கக் கிளிக் ஒன்றுதான் வழி என்று யாரும் சொல்லவில்லை. முன்வாசலில் ஆள் நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துபோட்ட கதைதான்.

மவுஸின் நடு பட்டனால் லிங்க்கை அழுத்திப் பாருங்கள். புதிய டேப் திறக்கும், கேள்வி வராது. நடு பட்டனுக்குக் கிளிக் ஈவென்ட் கிடையாது; ஆக்ஸ்கிளிக் என்ற வேறு ஈவென்ட்தான் வரும். வலது பட்டனை அழுத்தி "புதிய டேபில் திற" என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் அப்படித்தான். லிங்க்கை இழுத்து டேப் வரிசையில் போடலாம். முகவரியை நகலெடுத்து ஒட்டலாம். ஒரு முறை போன முகவரி பிரவுசர் வரலாற்றில் உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை முகவரிப் பட்டியில் நாலு எழுத்து தட்டும்போது அதுவே முன்னால் வந்து நிற்கலாம். கன்ட்ரோல் விசையோடு அழுத்துவது மட்டும் விதிவிலக்கு. அதற்குக் கிளிக் வரும், கேள்வியும் வரும். என்டர் விசைக்கும் வரும்.

மனிதர் கை படாமலும் நடக்கும். 2005 மே மாதம் கூகுள், வெப் ஆக்ஸலரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. பயனர் அடுத்து எங்கே போகக்கூடும் என்று கணித்து, பக்கத்திலுள்ள லிங்க்குகளை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துக்கொள்வது அதன் வேலை. லாகின் செய்த பயனரின் பிரவுசரிலிருந்தே அது கோரிக்கை அனுப்பியதால், "நீக்கு" லிங்க்குகளும் அதற்கு வெறும் லிங்க்குகள்தான். ஜாவாஸ்கிரிப்ட் கேள்விகளை அது பொருட்படுத்தவேயில்லை. சில இணைய செயலிகளில் பயனர்களின் தரவுகள் தாமாக மறையத் தொடங்கின. கூகுளைத் திட்டியவர்களும் இருந்தார்கள். கெட் கோரிக்கையில் (லிங்க்கைத் திறக்கும்போது பிரவுசர் அனுப்பும் வழக்கமான கோரிக்கை) நீக்குகிற செயலியை எழுதியவர்மீதுதான் பிழை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். என் கட்சி இரண்டாவது.

விதி அப்போதே எழுதப்பட்டிருந்தது. 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2616 என்ற இணைய நெறிமுறை ஆவணம், கெட் முறை தகவலைப் பெறுவதற்கு மட்டுமே, அதனால் சர்வரில் வேறு விளைவு உண்டாகக் கூடாது என்ற பொருளில் சொன்னது. இன்று நடப்பிலிருக்கும் 2022-இன் ஆர்எஃப்சி 9110, கெட், ஹெட், ஆப்ஷன்ஸ், ட்ரேஸ் ஆகியவற்றைப் பாதுகாப்பான முறைகள் என்றே வகைப்படுத்துகிறது. தேடுபொறி ரோபோக்களும், மின்னஞ்சலில் வந்த லிங்க்குகளை முன்கூட்டியே திறந்து சோதிக்கும் வடிகட்டிகளும் இந்த வாக்கை நம்பித்தான் இயங்குகின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. வேறொரு தளத்தில் உங்கள் நீக்கும் முகவரியை ஒரு லிங்க்காக வைத்து, "பரிசு பெற இங்கே அழுத்துங்கள்" என்று எழுதிவிட்டால் போதும். லாகின் செய்திருக்கும் உங்கள் பயனர் அதை அழுத்தினால் வேலை முடிந்தது. உங்கள் கேள்வி உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, அந்தத் தளத்தில் இல்லை. 2020-இல் குரோம் 80 முதல், வேற்றுத் தளக் கோரிக்கைகளோடு குக்கீ போவதைக் கட்டுப்படுத்தும் சேம்சைட் லாக்ஸ் என்பது குக்கீகளுக்கு இயல்புநிலை ஆனது. அதனால் இது தடுக்கப்படும் என்று நினைக்கலாம். லாக்ஸ் நிலையில் வேற்றுத் தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கைக்கு (சர்வருக்குத் தரவு அனுப்பும் முறை) குக்கீ போகாது. ஆனால் லிங்க்கை அழுத்திப் பக்கத்துக்கே வரும் கெட் கோரிக்கைக்குப் போகும். கெட்டில் நீக்குகிறவருக்கு அந்தக் கவசம் உதவாது.

அப்படியானால் நீக்கும் வேலையை எப்படித்தான் எழுதுவது?

ஃபார்ம், அதன் மெத்தட் போஸ்ட், உள்ளே ஒரு பட்டன், கூடவே சர்வர் தரும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கோரிக்கை உங்கள் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசியக் குறி). பட்டன் லிங்க் போலத் தெரிய வேண்டும் என்று வடிவமைப்பாளர் கேட்டால் சிஎஸ்எஸ்ஸில் பின்புலத்தையும் ஓரக்கோட்டையும் எடுத்துவிட்டு அடிக்கோடு போட்டுக்கொடுங்கள். கேள்வியைப் பட்டனின் கிளிக்கில் கட்டாமல் ஃபார்மின் சப்மிட் ஈவென்டில் கட்டுங்கள். எந்த வழியாகச் சமர்ப்பித்தாலும் ஒரே இடத்தில் பிடிக்கலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. நிரலிலிருந்து ஃபார்ம்.சப்மிட்() என்று அழைத்தால் சப்மிட் ஈவென்ட் வராது, புலங்களின் சரிபார்ப்பும் நடக்காது. ரிக்வெஸ்ட்சப்மிட்() என்று அழைத்தால் இரண்டும் நடக்கும்.

லிங்க்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற இடங்களுக்கு நான் விரும்புவது பழைய முறை. லிங்க் நேரே நீக்காமல் "இந்தக் கோப்பை நீக்கலாமா?" என்று கேட்கும் ஒரு தனிப் பக்கத்துக்குப் போகட்டும், அந்தப் பக்கத்தில் போஸ்ட் ஃபார்ம் இருக்கட்டும். லிங்க்கை யார், எப்படித் திறந்தாலும் கேள்விப் பக்கம்தான் திறக்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் கேள்வி வரும். ஓடினால், அதே லிங்க்கைப் பிடித்துப் பக்கம் மாறாமலே ஒரு பெட்டியில் கேட்டுக்கொள்ளலாம்.

கன்ஃபர்ம் பெட்டியின் பட்டன் பெயர்களை "நீக்கு", "வேண்டாம்" என்று மாற்ற முடியுமா?

முடியாது. பெயர், நிறம், தலைப்பு எதுவும் உங்கள் கையில் இல்லை; பட்டன்கள் பிரவுசரின் மொழி எதுவோ அந்த மொழியில் வரும். உங்கள் கையில் இருப்பது கேள்வியின் எழுத்துகள் மட்டும். அதிலும் வரி முறிக்கலாம், ஹெச்டிஎம்எல் எடுபடாது. பட்டன் பெயர் முக்கியம் என்றால் டயலாக் டேகுக்குப் போங்கள். குரோமில் 2014 முதல் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 98, சஃபாரி 15.4 இரண்டும் 2022 மார்ச்சில் அதைச் சேர்த்தபின் தயங்கக் காரணமில்லை.

டயலாக் டேகை வைத்து எப்படிக் கேட்பது?

டயலாக்குக்குள் ஒரு பத்தியில் கேள்வி, அதன் கீழே மெத்தட் டயலாக் என்று குறித்த ஒரு ஃபார்ம், அதற்குள் இரண்டு பட்டன்கள்: ஒன்றின் மதிப்பு "வேண்டாம்", மற்றதன் மதிப்பு "நீக்கு". ஷோமோடல்() அழைத்துத் திறக்கிறீர்கள். பயனர் எந்தப் பட்டனை அழுத்தினாலும் பெட்டி தானே மூடிக்கொண்டு, அந்தப் பட்டனின் மதிப்பு டயலாக்கின் ரிட்டர்ன்வேல்யூவில் வந்து உட்காரும். க்ளோஸ் ஈவென்டில் அதைப் படித்துப் பார்த்து முடிவெடுக்கலாம். ஷோமோடலில் திறந்தால் பின்னாலிருக்கும் பக்கம் தொட முடியாததாகிவிடும், எஸ்கேப் விசை மூடும், மூடியதும் ஃபோகஸ் பழைய இடத்துக்கே திரும்பும். டிவ்களை அடுக்கி நாமே பெட்டி கட்டிய காலத்தில் இவ்வளவையும் கையால் எழுத வேண்டியிருந்தது. "வேண்டாம்" பட்டனுக்கு ஆட்டோஃபோகஸ் கொடுங்கள். அவசரத்தில் என்டர் தட்டுகிறவரின் கோப்பு பிழைக்கும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எஸ்கேப் விசையால் மூடும்போது ரிட்டர்ன்வேல்யூ மாறாது. முதல் கோப்புக்குப் பயனர் "நீக்கு" அழுத்தினார். இரண்டாவது கோப்புக்கு அதே டயலாக் திறந்தது. மனம் மாறி எஸ்கேப் தட்டினார். ரிட்டர்ன்வேல்யூவில் இன்னும் பழைய "நீக்கு" இருக்கிறது; உங்கள் நிரல் அதைப் படித்து இரண்டாவது கோப்பையும் நீக்கிவிடும். ஒரே ஒரு முறை மட்டும் திறந்து சோதிக்கிறவர் கண்ணில் இது படாது. ஷோமோடலுக்கு முந்தின வரியில் ரிட்டர்ன்வேல்யூவை வெற்றுச் சரமாக்கிவிடுங்கள்.

டயலாக் திறக்கிறது, ஆனால் பதில் சொல்வதற்குள் பக்கம் மாறிவிடுகிறது.

கன்ஃபர்ம் நிரலை நிறுத்திவைக்கும், டயலாக் நிறுத்தாது. நீங்கள் அவெய்ட் போட்டுக் காத்திருந்தாலும், காத்திருப்பது உங்கள் ஃபங்ஷன் மட்டும்தான். பிரவுசர் லிசனரிலிருந்து கை திரும்பியதும், பிரிவென்ட்டிஃபால்ட் அழைக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டு லிங்க்கைத் தொடர்ந்துவிடும். பிறகு அழைத்தால் காலம் கடந்தது. ஆகவே முதல் அவெய்டுக்கு முன்பே, நிபந்தனை எதுவுமில்லாமல் பிரிவென்ட்டிஃபால்ட். பயனர் சம்மதித்தபின் போக வேண்டிய வேலையை நீங்களே செய்ய வேண்டும்: லொக்கேஷன்.அசைன்(லிங்க்.ஹெச்ரெஃப்).

அங்கே லிங்க்.கிளிக்() என்று போட்டுவிடாதீர்கள். அது புதிதாக ஒரு கிளிக் ஈவென்டை எழுப்பும், உங்கள் லிசனர் மறுபடி பிடிக்கும், மறுபடி கேட்கும். பயனர் ஓகே, ஓகே என்று அழுத்திக்கொண்டே இருப்பார்.

இப்படி நீங்களே பக்கத்தை மாற்றும்போது கன்ட்ரோல் விசையோடு அழுத்தியவருக்குப் புதிய டேப் கிடைக்காது. டார்கெட் பண்பும் கண்டுகொள்ளப்படாது. அவற்றை ஈவென்டின் கன்ட்ரோல்கீ, மெட்டாகீ, லிங்க்கின் டார்கெட் ஆகியவற்றைப் பார்த்து நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். புதிய டேபுக்கு விண்டோ.ஓப்பன் போடுவதென்றால், டயலாக்கின் பட்டன் அழுத்தப்பட்ட அதே நொடியில் போடுங்கள். நடுவில் சர்வரிடம் கேட்டுவிட்டு வந்தால் பாப்அப் தடுப்பான் அதை விழுங்கிவிடலாம்.

வெளித்தள லிங்க்குகளுக்கு மட்டும் "வேறு தளத்துக்குப் போகிறீர்கள்" என்று கேட்க வேண்டும்.

லிங்க்கின் ஆரிஜின் பண்பை (நெறிமுறையும் தளப் பெயரும் சேர்ந்த பகுதி) லொக்கேஷன்.ஆரிஜினோடு ஒப்பிடுங்கள். கெட்ஆட்ரிபியூட் வழியாக ஹெச்ரெஃபின் எழுத்தை எடுத்து "ஹெச்டிடிபி என்று தொடங்குகிறதா" என்று பார்ப்பது சரிவராது. உள்தளத்துக்கே முழு முகவரி எழுதியிருக்கலாம், நெறிமுறை இல்லாமல் இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் வெளி முகவரியும் இருக்கலாம். லிங்க் பொருளின் ஹெச்ரெஃப், ஆரிஜின் போன்றவற்றைப் பிரவுசர் ஏற்கெனவே முழுமையாக்கித் தந்துவிடும். மெயில்டு (மின்னஞ்சல்), டெல் (தொலைபேசி) லிங்க்குகளின் ஆரிஜின் உங்கள் தளத்தோடு ஒருபோதும் ஒத்துப்போகாது என்பதால், முதலில் ப்ரோட்டோகால் பார்த்து அவற்றை ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் தொலைபேசி எண்ணைத் தொட்டவரிடமும் "வேறு தளம்" என்று சொல்லும்.

சட்டமோ நிறுவன விதியோ கேட்டால் தவிர இந்தக் கேள்வியை வைக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். இரண்டாம் நாளிலிருந்து யாரும் படிப்பதில்லை.

பெட்டியே வராமல் கன்ஃபர்ம் ஃபால்ஸ் தருகிறது. ஏன்?

பக்கம் ஐஃப்ரேமுக்குள் (வேறொரு பக்கத்துக்குள் பதித்த சட்டம்) ஓடுகிறதா என்று பாருங்கள். அதைக் கட்டுப்படுத்தும் சாண்ட்பாக்ஸ் பண்பு இருந்து அதில் அலோ-மோடல்ஸ் இல்லையென்றால் அலர்ட், கன்ஃபர்ம், ப்ராம்ப்ட் மூன்றும் ஓசையில்லாமல் கைவிடப்படும். கன்ஃபர்ம் ஃபால்ஸ் தரும். இணையத்தில் நிரலை எழுதிச் சோதிக்கும் பல தளங்கள் உங்கள் நிரலை சாண்ட்பாக்ஸ் போட்ட ஐஃப்ரேமில்தான் ஓட்டுகின்றன. வேற்றுத் தளத்து ஐஃப்ரேம் என்றால் சாண்ட்பாக்ஸ் இல்லாமலேயே சிக்கல் வரலாம். 2021-இல் குரோம் 92 அத்தகைய ஐஃப்ரேம்களில் இந்தப் பெட்டிகளை நிறுத்தியது. எதிர்ப்புக் கிளம்பியதும் தள்ளிவைத்தது. ஐஃப்ரேமுக்குள் கன்ஃபர்மை நம்பிப் புதிதாக எதையும் கட்டாமலிருப்பது நல்லது.

ஐஃப்ரேம் இல்லையென்றால், அடுத்தடுத்துப் பெட்டி வந்தபோது "இந்தப் பக்கம் மேலும் பெட்டிகள் காட்டாமல் தடு" என்ற கட்டத்தைப் பயனர் டிக் செய்திருக்கலாம். அதன்பின் எல்லாக் கேள்விக்கும் பதில் ஃபால்ஸ்தான்.

இரண்டு முறை கேட்கிறது.

லிசனர் இரண்டு முறை கட்டப்பட்டிருக்கிறது. ஒரே ஃபங்ஷனை அதே ஈவென்டுக்கு மறுபடி கட்டினால் பிரவுசர் சேர்த்துக்கொள்ளாது. ஆனால் ஆட்ஈவென்ட்லிசனருக்குள்ளேயே எழுதிய பெயரில்லா ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் புதியது. பட்டியலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒன்று கூடும்.

கேன்சல் அழுத்தினால் பக்கம் மாறவில்லை, ஆனால் சர்வருக்குக் கோரிக்கை போய்விடுகிறது.

அதே லிங்க்கில் வேறொரு லிசனர் ஃபெட்ச் வழியாகச் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிவென்ட்டிஃபால்ட் பிரவுசரின் வழக்கமான செயலை மட்டும் தடுக்கும். மற்ற லிசனர்களைத் தடுக்காது. டாக்குமென்டில் கட்டிய உங்கள் லிசனருக்கு முறை வருவதற்கு முன்பே லிங்க்கில் நேரடியாகக் கட்டியது ஓடி முடிந்திருக்கும். உங்கள் லிசனரைக் கேப்சர் ட்ரூ என்று கட்டுங்கள், அது முந்திக்கொள்ளும். பயனர் மறுத்தால் பிரிவென்ட்டிஃபால்டோடு ஸ்டாப்இமீடியட்ப்ராபகேஷனும் அழையுங்கள். ரியாக்டில் பக்கம் மாற்ற உதவும் ரியாக்ட் ரவுட்டரின் லிங்க் இதில் சமர்த்து: ஆன்கிளிக்கில் பிரிவென்ட்டிஃபால்ட் அழைத்திருந்தால் அது தானே ஒதுங்கிக்கொள்ளும்.

சேமிக்காமல் பக்கத்தை விட்டுப் போகிறவரைத் தடுக்க லிங்க்குகளில் கேட்கலாமா?

அதற்கு பிஃபோர்அன்லோட் ஈவென்ட் இருக்கிறது. டேபை மூடுவது, புதுப்பிப்பது எல்லாவற்றையும் அது பிடிக்கும். உங்கள் சொந்த வாசகத்தை அதில் காட்ட முடியாது. 2016-இல் ஃபயர்ஃபாக்ஸ் 44, குரோம் 51 பதிப்புகளிலிருந்து பிரவுசரின் பொது வாசகம்தான் வரும். ஏமாற்றுத் தளங்கள் அந்த இடத்தில் மிரட்டல் எழுதிவைத்ததன் விளைவு. பயனர் பக்கத்தில் எதையாவது தொட்டிருந்தால்தான் அதுவும் வரும். மொபைலில் ஆப்பையே மூடிவிட்டால் வராமலும் போகலாம். அதனால் வரைவைத் தானாகச் சேமித்துவைப்பதே உறுதி. எழுத்து மாறும்போது லிசனரைக் கட்டி, சேமித்ததும் கழற்றிவிடுங்கள்.

கேள்வியை எப்படி எழுதுவது?

"நிச்சயமாகவா?" என்பது கேள்வியே அல்ல, எது என்று சொல்லவில்லை. "'இறுதி' அறிக்கை என்ற கோப்பையும் அதன் 3 பதிப்புகளையும் நீக்கலாமா? திரும்பப் பெற முடியாது" என்று எழுதினால், தவறான வரிசையில் அழுத்தியவர் பெயரைப் பார்த்து நின்றுவிடுவார். கன்ஃபர்மில் "செயலை ரத்து செய்யலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிரவுசர் தமிழில் இருந்தால் கீழே ரத்து என்ற பொருளில் ஒரு பட்டனும் இருக்கும். ரத்து செய்ய எதை அழுத்துவது?

ஒரு வேலை நாளில் பல முறை செய்யும் செயலுக்குக் கேள்வியே வைக்காதீர்கள். கை பழகிவிடும், கண் படிக்காது. உடனே நீக்கிவிட்டு, "மீட்டெடு" என்று ஒரு பட்டனைச் சில நொடிகள் காட்டுங்கள். சர்வரில் உண்மையான நீக்கத்தைத் தள்ளிப்போடுங்கள். மறுபுறம், மீளவே முடியாத பெரிய காரியங்களுக்கு ஓகே பட்டன் போதாது. கிட்ஹப் ஒரு களஞ்சியத்தை நீக்கும் முன் அதன் பெயரைத் தட்டச் சொல்கிறதே, அந்த அளவு தடை அங்கே தகும்.

தானியங்கிச் சோதனையில் கன்ஃபர்மை எப்படிக் கையாள்வது?

கருவிகள் ஒன்றுக்கொன்று நேரெதிராக நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சைப்ரஸ் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஓகே அழுத்திவிடும். பிளேரைட் கேன்சல் அழுத்திவிடும். அதனால் சைப்ரஸில் எழுதிய சோதனையைப் பிளேரைட்டுக்கு அப்படியே மாற்றினால், நீங்க வேண்டிய கோப்பு நீங்காமல் நிற்கும். பிளேரைட்டில் டயலாக் ஈவென்டுக்கான லிசனரைக் கிளிக்குக்கு முன்பே கட்டிவிடுங்கள். கட்டிவிட்டு அதற்குள் அக்செப்ட், டிஸ்மிஸ் இரண்டில் எதையும் அழைக்காவிட்டால் சோதனை அங்கேயே உறைந்து நிற்கும். செலினியத்தில் அலர்டுக்கு மாறி அக்செப்ட் அல்லது டிஸ்மிஸ் செய்ய வேண்டும்.

ஓகே, கேன்சல் இரண்டையும் சோதித்த கையோடு மூன்றாவதாக ஒன்று எழுதுங்கள்: பிரவுசரே இல்லாமல், லாகின் குக்கீயோடு நீக்கும் முகவரிக்கு நேரடியாக ஒரு கெட் கோரிக்கை. சர்வர் 405 (இந்த முறைக்கு அனுமதி இல்லை) என்று மறுக்க வேண்டும். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.